சண்டை போட ஒரு அறை

துவாய் அன்னம்

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது, துவாயை அன்னமாக மடிக்கும் வித்தையை. இரண்டு அன்னங்களைச் செய்து கட்டில் நடுவில் மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்த வேண்டும். இரண்டு கழுத்துக்கும் நடுவில் இதய வடிவம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். அன்று பகல் முழுக்க அதைத்தான் செய்தேன். அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, முட்டி மோதி ஏ.எல். வரை படித்து வந்தவளுக்கு இதுதான் உத்தியோகமா என்று எரிச்சலாக இருந்தது.

எங்கள் விடுதி மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கிறது. முன்பு தோட்டத்துத் துரை இருந்த கல் பங்களா. இப்போது ஐந்து அறைகளும் விருந்தினர்களுக்கு. நான் அங்கே மேனேஜர். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் இருந்துகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் நடத்துவார். மார்கழிக் குளிருக்கு ஜோடி ஜோடியாக ஆட்கள் மலை ஏறி வருவதுதான் எங்கள் சீசன். அவர்களுக்கென்று அவர் ஒரு பேக்கேஜ் வைத்திருக்கிறார். துவாய் அன்னம், கட்டிலில் ரோசா இதழ், மெழுகுதிரி வெளிச்சத்தில் சாப்பாடு, தேயிலைக்குள் நின்று ஃபோட்டோ.

"கமலா, கப்பிள் எண்டால் அதுக்கு ஒரு ஸ்டைல் இருக்கு. குளிருக்குள்ள வருகினம். ஒரு கதகதப்புக் குடுக்க வேணும். விளங்குதே உமக்கு?"

நன்றாக விளங்கியது. நேற்றுத் தாலி கட்டியவர்களுக்கும் அதே பேக்கேஜ், பேரப்பிள்ளை எடுத்தவர்களுக்கும் அதே பேக்கேஜ். வருகிறவர்கள் யார், வீட்டில் எப்படி இருக்கிறார்கள், எதற்காக இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்கவில்லை. ஒரு கொழுந்தெடுக்கிற பெண் வந்துதான் இந்தப் பேக்கேஜைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சுவரைப் பற்றி ஒரு கேள்வி

டிசம்பர் தொடக்கத்தில் ஒருவர் போன் எடுத்தார்.

"மிஸ், கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட ரெண்டு நாளைக்கு ஒரு ரூம் வேணுங்க. நானும் வைஃபும்."

"ஹனிமூனா தம்பி?"

"ஐயோ இல்லங்க மிஸ். எங்க மகளே ஓ.எல். எழுதப் போற வயசு."

அவர் பெயர் ஜெகன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. மனைவி புவனா பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கிறாள். கல்யாணமான கையோடு கொழும்புக்குப் போனவர், தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான் வீட்டுக்கு வருவார். எங்கள் மலைப்பக்கம் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

"கொஞ்சம் தள்ளி இருக்குற ரூமா குடுங்க மிஸ். ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. எங்க முதலாளி புதுக்கடை ஒன்னு தெறக்குறாரு. என்னையப் பொறுப்பா நிக்கச் சொல்றாரு. நின்னா குடும்பத்தையும் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயிறலாம். ஆனா புவனா தோட்டத்து வேலையிலருந்து பேர வெட்டணும். அவ பேரு இல்லன்னா நாங்க குடியிருக்குற லயத்துக் காம்பராவும் போயிரும். வருஷம் பொறந்ததும் நான் பதில் சொல்லணும். அவ மனசுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியலங்க."

"பக்கத்துல ஒக்கார வச்சுக் கேக்க வேண்டியதுதானே?"

"எங்கங்க கேக்குறது?" என்றார்.

அந்த இரண்டு சொல்லில் எல்லாம் இருந்தது. எனக்கு அப்போது பிடிபடவில்லை. அடுத்து அவர் கேட்டது இன்னும் விசித்திரம்.

"மிஸ், அந்த ரூமு சுவரு கல்லா? கூரை வரைக்கும் இருக்குமா?"

குளிருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "கல் சுவர்தான். ஃபயர் பிளேஸ் இருக்கு. படுக்கையில வைக்க சுடுதண்ணிப் போத்தலும் தருவோம். குளிரே தெரியாது" என்றேன். ஐந்தாம் அறையை எழுதிக்கொண்டேன். அது பங்களாவின் கடைசிக் கோடியில், மூன்று பக்கமும் தேயிலை சூழ இருக்கும் அறை.

வாத்து

அவர்கள் வந்த அன்று நல்ல மூடுபனி. மஸ்கெலியாவில் பஸ் இறங்கி ஆட்டோவில் ஏறி வந்திருந்தார்கள். ஜெகன் மெலிந்த ஆள், கொழும்புக் கடை ஆட்களுக்கே உரிய இஸ்திரி போட்ட சட்டை. புவனா கட்டையான, உறுதியான பெண். நல்ல சேலை, அதற்கு மேல் ஆண்கள் போடுகிற ஜெர்சி. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை. அதை மறைக்க அவள் முயலவே இல்லை. எனக்கு உடனே அவளைப் பிடித்துப்போனது.

அறைக் கதவைத் திறந்துவிட்டேன். கட்டிலைப் பார்த்தாள்.

"இது என்னக்கா, தொவாயில வாத்து பண்ணி வச்சிருக்கீங்க? மூஞ்சி தொடைக்கவா, சாமி கும்புடவா?"

"அன்னம்" என்றேன்.

"கழுத்தப் பாத்தா வாத்தாட்டந்தான் இருக்கு. சரி, இந்த ரோசாவப் பிச்சுப் போட்டது யாரு? கொழுந்த இப்பிடிப் பிச்சுப் போட்டா கங்காணி எங்க பரம்பரையையே இழுத்து ஏசுவாரு."

ஜெகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அவள் இதழ்களை எல்லாம் கூட்டி அள்ளி ஒரு தட்டில் போட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அறையைச் சுற்றி நடந்தாள். சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள். அண்ணாந்து, சுவர் முடிந்து கூரைப் பலகை தொடங்கும் இடத்தைச் சுற்றிவரப் பார்த்தாள். கதவை மூடித் திறந்தாள்.

"உள்ள பேசினா வெளிய கேக்குமாக்கா?"

இந்தத் தொழிலில் ஜோடிகள் சுற்றி வளைத்துக் கேட்கிற கேள்வி அது. எனக்குப் பழக்கம். "ஒன்னும் கேக்காது. தைரியமா இருங்க" என்று சொல்லி, தெரிந்தவள்போல ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஐந்தாம் அறையில் சத்தம்

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்து மூடுபனி விலகியது. மூன்றாம் அறையில் கொழும்பில் இருந்து வந்த புதுத் தம்பதி இருந்தார்கள். ஐந்தாம் அறைக்குக் கீழே தேயிலைக்குள் நின்று ஃபோட்டோ எடுக்கப் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தார்கள். மணப்பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"மேடம், அந்தக் கடைசி ரூம்ல பெரிய சண்டை நடக்குது! வைஃப் கத்துறாங்க. ஏதாவது ஆயிடப்போகுது. பொலிசுக்குக் கோல் பண்ணுங்க!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. புருஷன் அடித்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போன பெண்களைச் சின்ன வயதில் இருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். என் பங்களாவில் எவனும் பெண்டாட்டி மேல் கை வைக்க முடியாது. ஃபயர் பிளேஸ் பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கள் சமையல்காரர் சண்முகமும் பின்னால் வந்தார். பங்களாச் சமையல்காரரை எங்கள் பக்கம் அப்பு என்போம்.

"கமலா, மொதல்ல கதவத் தட்டும்மா. கம்பிய அப்பறம் பாக்கலாம்" என்றார் அப்பு.

கதவைத் தட்டினேன். தட்டவில்லை, இடித்தேன். புவனா திறந்தாள். முகம் சிவந்திருந்தது. கொண்டை அவிழ்ந்து தொங்கியது. ஜெகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துவாய் வாத்து ஒன்று. அதன் கழுத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

"அடிச்சானா?" என்று கேட்டேன்.

"யாரு?"

"இந்த ஆளு."

"இவரா? என்னையவா?" என்றாள் புவனா. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த கம்பியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் கட்டிலில் போய் உட்கார்ந்து சிரித்தாள்.

"சண்டதாங்க்கா போடுறோம். சண்ட போடத்தான் வந்தோம்."

எனக்கு விளங்கவில்லை. முகத்திலும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?"

"அக்கரப்பத்தனைப் பக்கம்."

"லயத்துலதானே பொறந்தீங்க? ஒங்க அப்பாவும் அம்மாவும் முழுசா ஒரு சண்ட போட்டு முடிச்சதப் பாத்துருக்கீங்களா?"

நான் யோசித்தேன். பார்த்ததில்லை. எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுச்சுவர் பாதியோடு நின்றுவிடும். மேலே திறந்த வெளி, அதற்கு மேலே தகரம். இந்தக் கோடியில் இருமினால் அந்தக் கோடியில் மருந்து சொல்வார்கள். அம்மா அப்பாவிடம் ஏதாவது கேட்க ஆரம்பிப்பார். குரல் கொஞ்சம் ஏறும். உடனே பக்கத்துக் காம்பராவில் இருந்து சுவருக்கு மேலே ஒரு தீர்ப்பு வந்து விழும். அம்மா வாயை மூடிக்கொள்வார். அவ்வளவுதான்.

"எங்க காம்பராவும் அப்பிடித்தாங்க்கா. எடது பக்கம் ஒரு அத்த. நான் வாயத் தெறந்தா 'விடு புவனா, ஆம்பளைங்க அப்பிடித்தான்'னு அங்கருந்தே முடிச்சு வச்சிருவாங்க. வலது பக்கம் டீவிய அமத்திட்டுக் கேப்பாங்க. வாசத் திண்ண இஸ்தோப்புல மாமியா. உள்ள மக படிக்கிறா. குடிச்சுப்புட்டுக் கத்துற ஆம்பளைக்கு லயம் பூரா மேடைதான். குடிக்காம, நெதானமா, புருஷங்கிட்ட ஒரு வெசயத்தப் பேசித் தீக்கணும்னா எங்கக்கா எடம்? குசுகுசுன்னு ஆரம்பிச்சு விசயத்துக்கு வர்றதுக்குள்ள இவருக்கு லீவு முடிஞ்சு பஸ்ஸு வந்துரும். கல்யாணம் பண்ணதுலருந்து ஒரு சண்டையக்கூட முடிச்சதில்ல. எல்லாம் பாதியோட நிக்குது."

ஜெகன் வாத்தைக் கீழே வைத்தார். "மன்னிச்சிருங்க மிஸ். பொக அடிச்சுச்சுன்னு ஜன்னலத் தெறந்தோம். மூட மறந்துட்டோம்" என்றார்.

கல் சுவர் கேட்டார்கள், கதவைச் சோதித்தார்கள், ஜன்னலை விட்டுவிட்டார்கள். லயத்தில் மேல்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஜன்னலைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

"இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்பதாங்க்கா கொழும்புக்கே வந்துருக்கோம்" என்றாள் புவனா.

முதலாளி

நான் ஆபீஸ் அறைக்குத் திரும்புவதற்குள் போன் அடித்தது. புதுத் தம்பதி நேராகக் கொழும்புக்கே சொல்லிவிட்டார்கள்.

"கமலா, என்ன நடக்குது அங்க? ஹனிமூனுக்கு வந்த பிள்ளையள் பயந்துபோய் நிக்கினம். அந்தச் சண்டைக்காரரை உடன அனுப்பிவிடும்."

"அனுப்ப முடியாது சேர்."

"என்ன சொல்லுறீர்?"

"அவங்களும் கப்பிள்தான் சேர். கப்பிள் பேக்கேஜ்லதான் வந்துருக்காங்க. ரெண்டு பேருக்கும் தனியா இருக்க ஒரு எடம் குடுப்போம்னு நம்மதானே விளம்பரம் போட்டோம்? அவங்க அதத்தான் எடுத்துக்கிட்டாங்க."

"சண்டை பிடிக்கவோ?"

"ஆமா. அவங்க வீட்டுல அதுக்கு எடமில்ல."

"மற்ற கெஸ்ட் முறைப்பாடு சொன்னால் உம்முடைய வேலைதான் போகும்" என்றார்.

"போனாப் போகட்டும் சேர்" என்று வைத்துவிட்டேன். வீரத்தில் சொல்லவில்லை. அந்த நேரத்துக் கோபம்.

அதற்குப் பிறகுதான் என் உத்தியோக வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஜோடிக்கு உண்மையாகத் திட்டம் போட்டேன். புதுத் தம்பதிக்கு டிரைவரைக் கொடுத்து நீர்வீழ்ச்சி பார்க்க அனுப்பினேன், மதியச் சாப்பாட்டையும் கட்டிக் கொடுத்தேன். மணப்பெண் வண்டியில் ஏறும்போது, "அந்த அக்கா பாதுகாப்பா இருக்காங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண். "அந்த அக்காகிட்ட இருந்துதான் அந்த ஆளுக்குப் பாதுகாப்பு வேணும்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். மற்ற மூன்று அறைக்காரர்களும் காலையிலேயே சிவனடிபாத மலைப் பக்கம் போயிருந்தார்கள். தோட்டக்காரரைப் பின்பக்கம் புல் வெட்டச் சொன்னேன். ஐந்தாம் அறைப் பக்கம் ஈ காக்கை போகக் கூடாது என்றேன். ரொட்டி, கட்டச் சம்பல், ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி, விறகு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். ஜன்னலை நானே மூடிக் கொண்டியைப் போட்டேன்.

"இனி யாரும் வர மாட்டாங்க. பொறுமையா முடிங்க" என்றேன்.

"ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் மிஸ்" என்றார் ஜெகன். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

வெளியே புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காவலுக்கு என்று சொல்லிக்கொண்டேன். காது அந்தப் பக்கம்தான். துரைமார் கட்டிய கல் சுவர். ஒரு சொல் வெளியே வரவில்லை. அப்பு தேத்தண்ணி கொண்டு வந்தார்.

"ஏதாச்சும் கேக்குதா?"

"இல்ல."

"நல்லா கட்டிருக்கான் வெள்ளக்காரன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நிரை

பொழுது சாயும் நேரத்தில் கதவு திறந்தது. முதலில் புவனா வந்தாள். தலையை வாரிக் கொண்டை போட்டிருந்தாள். பின்னால் ஜெகன். அவர் கண்கள் இரண்டும் அழுது வீங்கி இருந்தன. அவர் கை அவள் ஜெர்சியின் நுனியைப் பிடித்திருந்தது.

"பசிக்குதுக்கா" என்றாள்.

மெழுகுதிரியை எடுத்துவிட்டு லைட்டைப் போட்டேன். அப்பு சோறும் கோழிக் கறியும் வைத்தார். இரண்டு பேரும் மலையில் இருந்து இறங்கியவர்கள்போலச் சாப்பிட்டார்கள்.

"யாரு ஜெயிச்சது?" என்று அப்பு நேராகவே கேட்டார்.

ஜெகன்தான் பதில் சொன்னார். அதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"இவ நெர புடிச்சு சண்ட போடுறாங்க அப்பு. கொழுந்தெடுக்கிறப்ப ஆளுக்கு ஒரு நெர தேயிலச் செடி குடுப்பாங்கள்ல, அத முடிச்சாத்தான் அடுத்த நெர? அதே கணக்குத்தான். மொதல்ல மக படிப்பு. அது முடியிற வரைக்கும் கொழும்பப் பத்திப் பேசவே விட மாட்டேங்குறா. நான் நடுவுல எங்கம்மாவ இழுத்தா, 'அது அடுத்த நெர, இப்ப வராத'ங்குறா. கடையில நான் கஸ்டமருக்கு நாலு சேலைய ஒரே நேரத்துல விரிச்சுப் போட்டுத் திக்குமுக்காட வைப்பேன். அதே வேலைய இவகிட்டயும் காட்டுனேன். ஒவ்வொன்னா மடிச்சு வச்சிட்டா."

"ஏசுனாளா?" என்றார் அப்பு.

"ஏசுனா. ஆனா ஒரு தடவ ஏசுனத மறுதடவ ஏசல."

நான் புவனாவைப் பார்த்தேன். அவள் கோழி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். கொழும்பு முதலாளிமார் கூட்டம் போட்டுப் பேசுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றில் ஆரம்பித்து ஒன்பதுக்குத் தாவி, எதையும் முடிக்காமல் எழுந்து போவார்கள். இவள் ஒரு ஜென்மத்துக் கணக்கை, பாதிப் பாதியாக நின்ற அத்தனையையும், ஒரு பகலில் வரிசையாகத் தீர்த்திருக்கிறாள். அழுது காரியம் சாதிக்கவில்லை. மிரட்டவும் இல்லை. இப்படி ஒரு மூளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

"அப்ப என்ன முடிவு?" என்று கேட்டேன்.

"இவரு கொழும்பு வேண்டாங்குறாரு" என்றாள் புவனா.

"நான் எங்க வேண்டாம்னேன்? நீ சொன்ன."

"சரி, நான் சொன்னேன், நீங்க ஏத்துக்கிட்டீங்க. இங்க பக்கத்துல அட்டன் டவுனுல துணிக்கடைல ஆளு தேடுறாங்களாம். இவரு அங்க வந்துருவாரு. மக பரீச்ச எழுதுற வரைக்கும் நான் பேர வெட்ட மாட்டேன், காம்பராவுலதான் இருப்போம். அதுக்கப்பறம் தோட்டத்த விட்டுருவேன். அது இவரு கேட்டது, நான் ஏத்துக்கிட்டேன். அட்டன்ல வாடகைக்கு வீடு. மாமியாளும் எங்களோடதான்."

"எப்பிடி வீடு வேணும்னு சொல்லு" என்றார் ஜெகன்.

"சின்னதா இருந்தாப் போதும். சுவரு கூரை வரைக்கும் போகணும்."

மறுநாள் காலை மூடுபனிக்குள் இரண்டு பேரும் தேயிலைப் பாதையில் நடந்து போவதைப் பார்த்தேன். ஜெகன் ஏதோ சொல்ல, அவள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அந்தப் புது மணப்பெண் அதைத் தூரத்தில் இருந்து ஃபோட்டோ எடுத்து அவர்களுக்கே அனுப்பினாள். முறைப்பாடு எதுவும் வரவில்லை. என் வேலையும் போகவில்லை.

கற்றுக்கொண்டது

புதிதாக வருகிற பிள்ளைகளே, அன்னம் மடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. சில ஜோடிகளுக்கு அது வேண்டியிருக்கும். ஆனால் யார் போன் எடுத்தாலும் திட்டம் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் வீட்டில் எது இல்லை? சிலர் அமைதி இல்லை என்பார்கள். சிலர் வெந்நீர் இல்லை என்பார்கள். ஒரு மனுஷி, யாரும் எழுப்பாத ஒரு காலை இல்லை என்றாள். அவளுக்கு விடியற்காலைத் தேத்தண்ணியைக் கொண்டுபோகாமல் விட்டதுதான் நான் கொடுத்த பெரிய விருந்து. இல்லாததைக் கொடுத்தால் போதும். பூவெல்லாம் பிறகு.

அடுத்த டிசம்பரில் ஜெகன் மறுபடி போன் எடுத்தார். இந்தத் தடவை அட்டனில் இருந்து. தினமும் இரவு வீட்டுக்குப் போகிறாராம். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறதாம். வீடு பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"அதே ரூம் இருக்குமா மிஸ்? இன்னும் காம்பராவுலயேதான் இருக்கோம், சண்ட சேந்துபோச்சு."

"பெருசா?"

"இல்லங்க மிஸ், சின்னச் சின்ன நெரதான். ஒரு நாள் போதும்னு புவனா சொல்றா."

அவர்கள் வருகிற அன்று காலை ஐந்தாம் அறைக்கு நானே போனேன். கட்டிலில் இருந்த இரண்டு அன்னங்களையும் பிரித்துத் துவாயாக மடித்து வைத்தேன். விறகை அடுக்கினேன். ஜன்னலைச் சாத்தி, கொண்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.